நகரும் தடை

என் வேலைக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'நகரும் தடை'. நியமனக் கடிதத்தில் 'உதவியாளர்' என்று மரியாதையாகத்தான் போட்டிருந்தார்கள். ஆனால் தினமும் கணினியில் ஏறும் பட்டியலில் சுவர், கதவு, தள்ளுவண்டி என்று வரிசையாக வந்து கடைசியில் 'நகரும் தடை' என்று இருக்கும். அது நான்தான். அங்கிருந்த இளவட்டங்கள் என்னைத் தடையம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலில் கோபம் வந்தது. கோபப்படவும் தெம்பு வேண்டுமே என்று பிறகு விட்டுவிட்டேன்.

வேலை இதுதான். ஒரு பெரிய கொட்டகைக்குள் ஒட்டுப்பலகையால் பொய்யாக ஒரு ஆஸ்பத்திரித் தாழ்வாரம் கட்டியிருந்தார்கள். எட்டடி அகலம், நாற்பதடி நீளம். மேலே வெளுத்துப்போன குழல்விளக்குகள், தரையில் நடுவாக ஒரு மஞ்சள் நாடா. இந்த முனையிலிருந்து நான் நாடாவின் மேல் நடக்க வேண்டும். அந்த முனையிலிருந்து மார்பு உயரத்தில் ட்ரோன் பறந்து வரும். நான் நிற்கக் கூடாது, ஓடக் கூடாது, பயப்படக் கூடாது. அடுப்பில் பால் வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறவள் மாதிரி என் பாட்டுக்குப் போக வேண்டும். அது என்னை இடிக்காமல் விலகிப் போனால் ஒரு ஓட்டம் முடிந்தது. திரும்பி வந்து மறுபடியும் அதே. ஒரு நாளைக்கு நூற்றைம்பது ஓட்டம். இப்படி எட்டு மாதம்.

தலைமைப் பொறியாளரை மனதுக்குள் நான் வெட்டுக்கிளிக்காரர் என்றுதான் சொல்வேன். அவருடைய மேசைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதில் முப்பது நாற்பது வெட்டுக்கிளிகள். காலையில் வந்ததும் தன் காப்பியைக் கூடக் குடிக்காமல் அவற்றுக்குப் புல் போடுவார். லட்சக்கணக்கில் கூட்டமாகப் பறந்தாலும் வெட்டுக்கிளிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதில்லையாம். அவற்றின் கண்ணுக்குப் பின்னால் ஒரு நரம்பு இருக்கிறது. எதிரே வருவது பறவையா, கல்லா, இன்னொரு வெட்டுக்கிளியா என்ற ஆராய்ச்சியெல்லாம் அதற்குக் கிடையாது. கண்ணில் விழும் உருவம் எவ்வளவு வேகமாகப் பெரிதாகிறது என்பதை மட்டும் பார்க்கும். ஒரு அளவைத் தாண்டியதும் விலகு என்று இறக்கைக்குச் சொல்லிவிடும். அந்த நரம்பைத்தான் அவர் கணக்காக மாற்றி ட்ரோனுக்குள் வைத்திருந்தார்.

சிக்கலெல்லாம் அந்த அளவில்தான் இருந்தது. சீக்கிரமே விலகினால் தாழ்வாரச் சுவரில் போய் உரசுகிறது, பேட்டரியும் தீர்ந்துபோகிறது. அதனால் எவ்வளவு நேரம் பொறுத்து விலகலாம் என்று வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே வந்தார்கள். முதல் மாதம் என்னைப் பத்தடி தூரத்தில் பார்த்ததுமே ஓடியது. எட்டாம் மாதம் நாலடி வரை வந்து, அதன் வலப்பக்கமாக வழுக்கிக்கொண்டு போனது. ஒரு தடவை கூட இடிக்கவில்லை. வெட்டுக்கிளிக்காரர் பிஸ்கட்டை நின்றபடியே தின்றுகொண்டு திரையைப் பார்த்துச் சிரிப்பார். அவர் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று அந்தச் சிரிப்பிலேயே தெரியும். வருகிற திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் நிஜமான தாழ்வாரத்தில் நாலு ட்ரோன்கள் பறக்கப் போகின்றன.

அந்த ஆஸ்பத்திரியில்தான் என் அக்கா வேலை செய்கிறாள். வார்டு உதவியாளர். நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளுவது, படுக்கை மாற்றுவது, ரத்த சாம்பிள்களை அடுத்த கட்டடத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது. போக ஆறு நிமிஷம், வர ஆறு நிமிஷம். ஒரு ஷிப்டில் முப்பது தடவையாவது போவாள். கெண்டைக்காலில் நரம்புகள் சுருண்டு புடைத்துக் கிடக்கின்றன. சாம்பிளைத் தூக்கப் போவது ட்ரோன் என்று தெரிந்த நாளிலிருந்து அவள் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு நாள் குறித்தபோது கூட அவள் அப்படிப் பார்க்கவில்லை. அந்தக் கல்யாணம் நிலைக்கவில்லை என்பது வேறு கதை. இப்போது நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கிறோம்.

வியாழக்கிழமை சாயங்காலம் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருக்கிற சந்தில் நான் போனேன், அக்கா எதிரே வந்தாள். வீட்டுக்குள் அக்கா யாருக்கும் ஒதுங்க மாட்டாள். வாளியோடு வந்தாலும் நேராகத்தான் வருவாள், நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"ஏன்டி அப்படித் தோளை இழுத்துக்கிட்டுப் போறே? நான் என்ன லாரியா?" என்றாள்.

"எப்படிப் போறேன்?"

"இடது தோளைப் பின்னாடி இழுத்து, சுவரோட பல்லி மாதிரி ஒட்டிக்கிறே. கொஞ்ச நாளாவே பாக்கறேன். கடையில கூட அப்படித்தான் போனே."

சிரித்துவிட்டு நகர்ந்தேன். துணியைப் பிழிந்துகொண்டிருந்தபோதுதான் அது உறைத்தது. கையில் பிழிந்த துணியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

மறுநாள் கொட்டகையில் முதல் ஓட்டத்திலேயே என்னை நானே கவனித்தேன். ட்ரோன் கிளம்பும்போது ஒரு ரீங்காரம். பாதி தூரத்தில் அந்தச் சத்தம் லேசாகத் தடிக்கும். அந்த இடத்தில் என் இடது தோள் தானாகப் பின்னால் போகிறது, வலது கால் நாடாவை விட்டு அரையடி வெளியே விழுகிறது. அடுத்த ஓட்டத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நேராகப் போக முயன்றேன். முடியவில்லை. காதில் பஞ்சு வைத்துக்கொண்டேன். அப்போதும் காற்று கன்னத்தில் பட்டதும் தோள் போய்விட்டது. எட்டு மாதம் ட்ரோனுக்கு என்னைக் கற்றுக்கொடுத்தார்கள். என் உடம்பு ஒருவரும் கேட்காமலே ட்ரோனைக் கற்றுக்கொண்டுவிட்டது.

வெட்டுக்கிளிக்காரரிடம் போய்ச் சொன்னேன். "சார், அது என்கிட்ட இருந்து பாதிதான் ஒதுங்குது. மீதிப் பாதி நான் ஒதுங்கறேன்."

அவர் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "புரியலம்மா."

"நான் நாடாவுல நடக்கல சார். நடக்கறதா நீங்க நெனச்சுக்கிட்டு இருக்கீங்க."

திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். நிரல் எழுதுகிறவள் அவள்தான். பெரிய கண்ணாடி போட்டிருப்பதால் அவளைக் கண்ணாடிக்காரி என்பேன், கூப்பிட்டால் அவளும் ஏனென்று திரும்புவாள். என் தோளிலும் தொப்பியிலும் மின்னும் சின்னக் குண்டுகளை ஒட்டித்தான் தினமும் நடக்கவிடுவார்கள். கூரையிலிருக்கும் கேமராக்கள் அவற்றைப் பார்த்துப் பதிவு செய்யும். ஆக, என் நடை முழுவதும் கணினியில் இருக்கிறது. "அதை நாம தொறந்து பாத்ததே இல்லையே சார்," என்றாள் அவள் மெதுவாக. ட்ரோன் போன பாதையை மட்டும்தான் வரைந்து பார்த்திருக்கிறார்கள். தடை மஞ்சள் நாடாவில் போகும் என்பது கணக்கிலேயே எழுதியிருந்தது. எழுதியதை யாராவது சரிபார்ப்பார்களா?

அவள் வரைந்தாள். முதல் வாரத்து என் நடை நேர்கோடாக வந்தது. மூன்றாம் மாதம் லேசாக ஒரு வளைவு. எட்டாம் மாதம் நல்ல வயிறு வைத்த வளைவு. கண்ணாடிக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெட்டுக்கிளிக்காரர் நாற்காலியில் சாய்ந்தார். கத்துவார் என்று நினைத்தேன். அவரிடம் கத்துகிற தெம்பும் இல்லை.

"இருக்கட்டும்மா," என்றார் கடைசியில். "நீங்க ஒதுங்கலன்னாலும் அது தப்பிச்சுப் போயிருக்கலாம் இல்லையா? அதுவுமில்லாம, மனுஷன்னா ஒதுங்கத்தான் செய்வான். எதிர்ல ஏதாவது வந்தா யாரு நேரா போய் முட்டுவா?"

"எங்க அக்கா முட்டுவா," என்றேன். யோசிக்காமல்தான் சொன்னேன். ஆனால் சொன்ன பிறகு அது சரியாகத்தான் பட்டது.

சனிக்கிழமை அக்காவுக்கு விடுப்பு. காலை நீட்டிப் படுக்க வேண்டிய நாளில் அவளைக் கெஞ்சிக் கூத்தாடிக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். உன் இஷ்டத்துக்கு நட, வீட்டில் எப்படி நடப்பாயோ அப்படி நட என்றுதான் சொன்னேன், வேறெதுவும் சொல்லவில்லை. அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் தாழ்வாரத்தின் முனையில் போய் நின்றாள். நான் நகத்தைக் கடித்துக்கொண்டு கண்ணாடிக்காரியின் பக்கத்தில் நின்றேன். அவள் கை சிவப்புப் பொத்தானின் மேல் இருந்தது. அதை அழுத்தினால் ட்ரோன் அந்தரத்தில் அப்படியே நின்றுவிடும்.

ட்ரோன் கிளம்பியது. அக்கா நடந்தாள். பாதி தூரம் வந்ததும் சுவரோடு சுவராக ஒட்டி, கைகளை உடம்போடு சேர்த்துக்கொண்டு, முகத்தைக் கூடத் திருப்பிக்கொண்டாள். ட்ரோன் தாராளமாகப் போனது. இரண்டாம் தடவையும் அப்படியே. பத்து தடவை நடந்தாள், பத்து தடவையும் என்னை விட நேர்த்தியாக ஒதுங்கினாள்.

வெட்டுக்கிளிக்காரர் மூச்சு விட்டார். "பாத்தீங்களாம்மா? ஒதுங்கறாங்க."

எனக்கு அவமானமாக இருந்தது. கூடவே அக்கா மேல் ஆத்திரமும் வந்தது. பஸ்ஸில் உட்கார்ந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"வீட்ல எமனே வந்தாலும் நகர மாட்டே. அங்க மட்டும் என்ன?"

அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஸ்ட்ரெச்சர் வந்தா ஒதுங்கணும். டாக்டருங்க கூட்டமா வந்தா ஒதுங்கணும். சாப்பாட்டு வண்டி, ஆக்சிஜன் வண்டி, அழுதுக்கிட்டு ஓடி வர்ற சொந்தக்காரங்க, எல்லாத்துக்கும் ஒதுங்கணும். இருபத்தோரு வருஷமா சுவரைத் தேய்ச்சுக்கிட்டே நடக்கறேன். வீட்லயாவது நேரா நடப்போம்னுதான் நடக்கறேன். உனக்கு அது திமிராத் தெரியுதா?"

இத்தனை வருஷம் கூட இருந்தும் அவள் நடையை நான் புரிந்துகொள்ளவே இல்லை.

அவளே தொடர்ந்தாள். "நீ எதுக்குக் கூட்டிட்டு வந்தேன்னு எனக்குத் தெரியாம இல்ல. அதைத் தடுத்து நிறுத்தறதுக்குத்தானே? நிறுத்தாதடி. அது வரட்டும். நான் ஒதுங்கிக்கறேன். நடக்கறதை விட ஒதுங்கறது சுலபம்."

இதற்கு மேல் என்ன சொல்ல? பேசாமல் இருந்துவிடலாமென்றுதான் நினைத்தேன். அக்காவுக்குக் கால் மிச்சம், வெட்டுக்கிளிக்காரருக்குத் தூக்கம் மிச்சம், எனக்கு வேலை மிச்சம். மூன்று பேருக்கும் நல்லது என்றால் ஊர் வம்பு எனக்கெதற்கு? எங்கள் நிறுத்தம் வந்தது. இறங்கும்போது அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகக் காலை இறக்கினாள். அவளுக்கு வழிவிட்டு நிற்கும்போதுதான் அது தோன்றியது. தோன்றாமலே இருந்திருக்கலாம்.

"அக்கா, நாற்காலியில ஆளை வெச்சுத் தள்ளிட்டு வரப்ப எப்படி ஒதுங்குவே?"

அவள் நடைபாதையில் நின்றுவிட்டாள்.

"அப்ப ஒதுங்க முடியாது," என்றாள். பிறகு, "அது எவ்வளவு உயரத்துல பறக்குது?" என்று கேட்டாள்.

"மார்பு உயரத்துல."

அக்கா தன் மார்புக்கு நேராகக் கையை நீட்டினாள். நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவருடைய தலை எங்கே வரும் என்று இருபத்தோரு வருஷமாகத் தள்ளியவளுக்குத் தெரியாதா? அந்தக் கை அங்கேயே நின்றது. மூஞ்சி என்று நாங்கள் இரண்டு பேருமே வாய் திறந்து சொல்லவில்லை. அன்று சாப்பிடாமலே படுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொட்டகைக்குப் போனேன். நாளைக்கு அனுப்ப வேண்டிய பெட்டிகளை வெட்டுக்கிளிக்காரர் தானே கட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரி அவற்றில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"சார், சக்கர நாற்காலி வெச்சுப் பாத்தோமா?"

"பாத்தோமே. மார்ச்சுலயே."

"ஓரமா நிறுத்தி வெச்சிருந்தோம் சார். காலியா இருந்துச்சு. யாரும் தள்ளல, யாரும் உக்காரல."

அவர் பெட்டி ஒட்டும் நாடா உருளையைக் கீழே வைத்தார். கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, கடைசி நாள்ல இப்படி ஒண்ணொண்ணா எடுத்துட்டு வந்தா நான் எங்க போறது? எட்டு மாசம்மா! வீட்ல என் பொண்ணு நடக்க ஆரம்பிச்சதை நான் போன்லதான் பாத்தேன்."

எனக்கும் கோபம் வந்தது. "அந்தப் பொண்ணு நாளைக்குக் காய்ச்சல்னு அந்த நாற்காலியில உக்காந்தா?" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. சின்னக் குழந்தையை இழுத்தது தப்புதான். ஆனால் சொன்னது சொன்னதுதான். அவர் முகம் சுருங்கிவிட்டது. கொஞ்ச நேரம் வெட்டுக்கிளிப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கட்டிய பெட்டிகளில் ஒன்றைப் பிரித்தார்.

நிஜச் சக்கர நாற்காலியை ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்குத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதனால் அவருடைய சுழல் நாற்காலியையே உருட்டிக்கொண்டு வந்தோம். உயரத்தைச் சரிசெய்தோம். உட்காரப் போவது நான். என் தோள் எவ்வளவு இழுத்தாலும் நாற்காலி நகராது, சக்கரம் என் கையில் இல்லை. தள்ளப் போவது அவர்.

"பொத்தானை அழுத்தாதம்மா," என்றேன் கண்ணாடிக்காரியிடம்.

"பயமா இருக்கும்மா," என்றாள் அவள்.

"இறக்கையைச் சுத்தி ஸ்பாஞ்சு இருக்கு. தலையா போயிடும்?" என்றேன்.

அவர் தள்ளினார். நேராகத்தான் தள்ளினார், மஞ்சள் நாடாவை விட்டு ஓரங்குலம் விலகவில்லை. அவர் நடந்து வந்தால் அலுவலகத்தில் எல்லோரும் வழிவிடுவோம். அவருக்கு ஒதுங்கிப் பழக்கமே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. எதிரே ரீங்காரம் கிளம்பியது. பாதி தூரத்தில் அது தடித்தது, என் தோள் பின்னால் போனது, முதுகு நாற்காலியில் இடித்து நின்றது. கண்ணுக்கு நேரே அந்தக் கறுப்பு உருவம் பெரிதாகிக்கொண்டே வந்தது. நாலடியில் அது விலகத்தான் செய்தது. பாவம், அதற்குச் சொல்லிக்கொடுத்ததை அது ஒழுங்காகவே செய்தது. ஆனால் மீதிப் பாதியைச் செய்ய ஆளில்லை.

இடது கன்னத்து எலும்பில் இடித்து, தெறித்து, ஒட்டுப்பலகைச் சுவரில் மோதிக் கீழே விழுந்தது. ஸ்பாஞ்சு இருந்தும் தோல் கிழிந்துவிட்டது. கண்ணுக்கு ஒரு விரல் கீழே. வலியில் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அழவில்லை என்று சொன்னால் பொய்.

வெட்டுக்கிளிக்காரர் நாற்காலிக்கு முன்னால் வந்து மண்டியிட்டுத் தன் கைக்குட்டையை என் கன்னத்தில் வைத்து அழுத்தினார். "சாரிம்மா, சாரிம்மா," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். திரைக்கு முன்னால் கண்ணாடிக்காரி எழுந்து நின்றிருந்தாள்.

"சார், கம்ப்யூட்டர் முடிவு என்னன்னு கேக்குது. என்ன போடட்டும்?"

"இடிச்சதுன்னு போடு," என்றார் அவர், திரும்பாமலே. பிறகு வெளியே போய் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். கதவு திறந்துதான் இருந்தது. நாளைக்கு இல்லை, எப்போது என்று இப்போது சொல்ல முடியாது, ஆமாம், என் பொறுப்புதான் என்று அவர் சொன்னது எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது.

உள்ளே வந்ததும் நானே கேட்டேன். "இனிமே புது ஆளுங்களை வெச்சுத்தானே நடக்க விடணும் சார்?"

அவர் தலையாட்டினார். "வாரத்துக்கு ஒருத்தரை மாத்தணும். பழகிடாம." பழகிப்போன எனக்கு இனி அங்கே வேலை இல்லை. தொப்பியையும் குண்டுகள் ஒட்டிய மேல்சட்டையையும் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அக்கா ஷிப்ட் முடிந்து வந்து, சமையலறையில் முக்காலியில் உட்கார்ந்து, வாளி வெந்நீரில் கால்களை வைத்திருந்தாள். என் கன்னத்துக் கட்டைப் பார்த்தாள். நான் சுவரில் சாய்ந்து அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"வராது இல்ல?" என்றாள்.

"வராது."

"எப்ப வரும்?"

"தெரியல. இன்னொரு எட்டு மாசம் ஆகலாம். மேலயும் ஆகலாம்."

அக்கா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். புடைத்த நரம்புகள் தண்ணீருக்குள் இன்னும் பெரிதாகத் தெரிந்தன.

"எனக்கு அது வேணும்னு இருந்துச்சுடி," என்றாள். குரல் உடைந்துவிட்டது.

"தெரியும்க்கா."

"தெரிஞ்சேதான் பண்ணியா?"

"ஆமா."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்று கூட இருந்தது. பிறகு முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கால்களையும் வாளியின் ஒரு பக்கமாக நகர்த்தி ஒடுக்கிக்கொண்டாள்.

"நாள் பூரா நின்னுட்டு வந்திருப்பே. உன் காலையும் வை," என்றாள்.

தண்ணீர் ஆறிப்போயிருந்தது. இருந்தாலும் வைத்தேன்.